வெப்பமும் புளிப்பும் புரதத்தை என்ன செய்கின்றன: அடுப்படியிலேயே செய்து அறிய ஒரு முழுமையான வழிகாட்டி

சித்திரை வெயிலில், காலையில் வாங்கிய பாக்கெட் பாலைக் குளிர்பெட்டியில் வைக்க மறந்துவிட்டு, மாலையில் காப்பிக்காக அடுப்பில் ஏற்றித் திரிய விட்டதை அறியாத வீடு மதுரையில் இருக்காது. ஏற்றும் வரை அது கட்டியில்லாத, வெண்மையான பால்தான். கொதி வருவதற்கு முன்பே பாத்திரத்தின் ஓரத்தில் துகள்கள் தோன்றி, கண்மூடித் திறப்பதற்குள் மொத்தமும் தண்ணீரும் திப்பியுமாகப் பிரிந்துவிடும். ஆனால் இங்கிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டரில் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில், நல்ல பாலை நெடுநேரம் கொதிக்கவிட்டுச் சுண்டக் காய்ச்சிப் பால்கோவா கிண்டுகிறார்கள். அந்தப் பால் திரிவதில்லை. ஆக, வெப்பம் தனியாகப் பாலைத் திரிக்கவில்லை. மாலைவரை வெளியில் இருந்ததால் ஏறிய இலேசான புளிப்பும் தனியாகத் திரிக்கவில்லை. இரண்டும் சேர்ந்தபோதுதான் அது நிகழ்ந்தது.

மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிக்கும் நான், 'வெப்பமும் அமிலமும் புரதத்தின் இயல்பை இழக்கச் செய்கின்றன' என்ற ஒற்றை வரியை மாணவர்கள் ஒப்பிக்கப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அந்த வரியில் தவறில்லை. ஆனால் அது இரு வேறு செயல்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. வெப்பம் புரதத்தை உலுக்கி அதன் மடிப்பைக் கலைக்கிறது. அமிலம் முதலில் அதன் மின்னேற்றத்தை மாற்றுகிறது. இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்துவிட்டவர்களுக்குப் பிறகு மனப்பாடம் தேவைப்படுவதில்லை. கீழே உள்ள படிகளை ஒரு விடுமுறை நாளில் வீட்டிலேயே செய்து முடித்துவிடலாம்.

தேவையானவை

100 டிகிரி செல்சியஸ் வரை காட்டும் வெப்பமானி ஒன்று, அமிலத்தன்மையை நிறமாற்றத்தால் காட்டும் பிஎச் தாள் ஒரு கட்டு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்), ஆறு சோதனைக் குழாய்கள். இவை பள்ளி ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். பிஎச் தாளில் 1 முதல் 14 வரை காட்டுவதைவிட, 4 முதல் 7 வரை மட்டும் நுணுக்கமாகக் காட்டும் வகை இந்தச் சோதனைகளுக்கு மிகவும் ஏற்றது. இரண்டு முட்டை, கொழுப்பு நீக்கிய பாக்கெட் பால் ஒரு லிட்டர், எலுமிச்சம்பழம் நான்கு, வினிகர், சமையல் சோடா, ஆட்டு ஈரல் 100 கிராம், மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு புட்டி ஆகியவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் குறித்து ஒரு சொல். மதுரையைச் சுற்றிப் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் கடினத்தன்மையும் மிக்கது. அதிலுள்ள பைகார்பனேட்டுகள் நீங்கள் சேர்க்கும் அமிலத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். ஆகவே கரைசல்களுக்குக் கேன் தண்ணீரையே பயன்படுத்துங்கள். சோதனைக்கு எடுத்த எதையும் உண்ணக் கூடாது.

முதற்படி: வடிவத்தைத் தாங்குவது எது என்று புரிந்துகொள்ளுதல்

புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்கள் சரம்போலக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. மணிகளைக் கோக்கும் பெப்டைடு பிணைப்பு மிக உறுதியானது. வீட்டு அடுப்பின் கொதிநீரோ எலுமிச்சைச் சாறோ சில நிமிடங்களில் அதை அறுத்துவிட முடியாது. சங்கிலி மடிந்து சுருண்டு பெறும் வடிவம்தான் எளிதில் கலையக்கூடியது. சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க இயலும், எவற்றில் இயலாது என்பதை 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் கணக்கிட்டு வெளியிட்டனர். அந்த வரைபடம் இன்றும் உலகெங்கும் ராமச்சந்திரன் வரைபடம் என்ற பெயரிலேயே வழங்குகிறது. புதிதாகக் கண்டறியப்படும் புரத வடிவங்கள் சரியானவையா என்று பார்க்க அதையே வைத்துச் சோதிக்கிறார்கள். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு பெருமிதம் எழுகிறது.

மடிந்த வடிவத்தைத் தாங்குபவை நான்கு. எண்ணெய்த்தன்மையுள்ள பகுதிகள் நீரை விட்டு விலகி உட்பக்கம் ஒடுங்குவது முதலாவது. பெரும்பாலான புரதங்களில் இதுவே முதன்மையானது. அடுத்தவை ஹைட்ரஜன் பிணைப்புகளும், நேர், எதிர் மின்னேற்றங்களுக்கு இடையிலான ஈர்ப்பும். நான்காவது, இரு கந்தக அணுக்கள் கைகோக்கும் டைசல்பைடு பிணைப்பு. இது எல்லாப் புரதங்களிலும் இருப்பதில்லை. தனித்தனியே பார்த்தால் முதல் மூன்றும் மெலிந்தவை, ஆயிரக்கணக்கில் சேர்ந்தே வடிவத்தைப் பிடித்து நிற்கின்றன. மடிந்த நிலைக்கும் அவிழ்ந்த நிலைக்கும் இடையிலான ஆற்றல் வேறுபாடோ ஒரு சில ஹைட்ரஜன் பிணைப்புகளின் அளவே. இந்தச் சிறு இடைவெளிதான் எல்லாவற்றுக்கும் காரணம்: சற்றே சூடு ஏறினாலும், சற்றே புளிப்பு மாறினாலும், தராசு மறுபக்கம் சாய்ந்துவிடும்.

இரண்டாம் படி: வெப்பம் மட்டும் - முட்டை வெள்ளைக்கரு

ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் பிரித்து, முள்கரண்டியால் நுரை எழாமல் மெதுவாகக் கலக்கி, துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். ஐந்து சோதனைக் குழாய்களில் ஒவ்வொரு தேக்கரண்டி ஊற்றுங்கள். பெரிய பாத்திரம் நிறைய வெந்நீர் எடுத்து, பச்சைத் தண்ணீர் கலந்து 50 டிகிரிக்குக் கொண்டுவந்து, முதல் குழாயை அதில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். அடுத்தடுத்த குழாய்களை 60, 65, 72, 85 டிகிரிகளில் அவ்வாறே நிறுத்துங்கள். பாத்திரம் பெரிதாக இருந்தால்தான் வெப்பநிலை பத்து நிமிடம் தாக்குப்பிடிக்கும். வெப்பமானியின் குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. தொட்டால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். மாணவர்களின் கணக்கு பெரும்பாலும் பிசகுவது இந்த ஓர் இடத்தில்தான்.

50 டிகிரியில் மாற்றம் எதுவும் தெரியாது. 60-இல் உற்றுப் பார்த்தால் மெல்லிய மூட்டம் தெரியலாம். 65-இல் குழாயைச் சாய்த்துப் பாருங்கள்: கண்ணாடி போன்றிருந்த திரவம் நீர்த்த கஞ்சியின் நிறத்தில், கனத்து, தயங்கித் தயங்கி நகரும். மதுரைச் சாலையோரக் கடைகளில் தோசைக்கல்லிலிருந்து எடுக்கும் 'கலக்கி' முட்டை இந்த எல்லைக்கு அருகில்தான் நிறுத்தப்படுகிறது. கடைக்காரரின் கை சில நொடிகள் தாமதித்தால் அது கலக்கியாக இருக்காது. 72-இல் வெண்மையான, தளதளவென்ற கூழ். 85-இல் விரலால் அழுத்தினாலும் மீளும் கெட்டிப் பொருள்.

ஒரே வெள்ளைக்கரு ஏன் இப்படிப் படிப்படியாக உறைகிறது? அதில் பல புரதங்கள் உள்ளன. ஓவோடிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் ஏறக்குறைய 61 டிகிரியிலேயே மடிப்பு அவிழ்ந்துவிடுகிறது. வெள்ளைக்கருப் புரதத்தில் பாதிக்குச் சற்று மேலாக இருக்கும் ஓவல்புமின், 80 டிகிரியைத் தாண்டிய பிறகே முழுமையாக அவிழ்கிறது. ஆகவே ஒரு புரதத்தின் உருகுநிலை, அதாவது அதன் மடிப்பு அவிழும் வெப்பநிலை, அந்தப் புரதத்துக்கே உரியது. 'புரதம் இத்தனை டிகிரியில் கெடும்' என்ற பொதுக் கணக்கு எதற்கும் உதவாது. (கொடைக்கானலில் நீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அங்கேயும் முட்டை வேகிறது, ஆனால் கூடுதல் நேரம் எடுக்கிறது.)

இனி அந்த ஐந்தாவது குழாயைக் குளிரவிடுங்கள். முட்டை பழையபடி திரவமாவதில்லை. அவிழ்ந்த சங்கிலிகளின் எண்ணெய்த்தன்மையுள்ள உட்பகுதிகள் வெளியே தெரிந்ததும், அண்டையில் உள்ள சங்கிலிகளின் அதே பகுதிகளோடு ஒட்டிக்கொள்கின்றன. ஓவல்புமினில் தனியே கிடந்த கந்தகக் கைகள் புதிய டைசல்பைடு பிணைப்புகளைப் போட்டுக்கொள்கின்றன. அவிழ்தல் ஒரு செயல், திரள்தல் மற்றொரு செயல். திரும்பி வரவிடாமல் தடுப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். ஒப்பிட்டுப் பார்க்க, ஜிகர்தண்டாவில் சேர்க்கும் கடற்பாசியைக் காய்ச்சி உறையவிட்டு, மறுபடி சூடாக்குங்கள்: அது உருகும், ஆறினால் மீண்டும் உறையும். அது புரதமன்று, மாச்சத்தின் உறவான சர்க்கரைச் சங்கிலி. அதன் வலையைப் பின்னுபவை ஹைட்ரஜன் பிணைப்புகள் என்பதால் எத்தனை முறை வேண்டுமானாலும் கலைத்துக் கட்டலாம்.

அவிழ்ந்த புரதம் ஒருபோதும் திரும்ப மடியாது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. கிறிஸ்டியன் அன்ஃபின்சென் என்ற அமெரிக்க அறிஞர், 124 அமினோ அமிலங்கள் கொண்ட ரைபோநியூக்ளியேஸ் நொதியை (நொதி என்பது உயிர்களில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதம்) யூரியாவால் முழுதும் அவிழ்த்து, அதன் நான்கு டைசல்பைடு பிணைப்புகளையும் உடைத்து, பிறகு அந்த வேதிப்பொருள்களை மெதுவாக நீக்கினார். நொதி தானாகவே பழைய வடிவுக்கு மடிந்து, வேலையையும் தொடங்கியது. மடிப்புக்கான செய்தி சங்கிலியின் வரிசையிலேயே உள்ளது என்று காட்டிய இந்தப் பணிக்காக 1972-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. திரள இடங்கொடுக்காமல், நீர்த்த கரைசலில் வைத்திருந்ததுதான் அவர் சங்கிலிகளுக்குத் திரும்பி வர வழிவிட்டது.

மூன்றாம் படி: அமிலம் மட்டும் - பால்

அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் அளவுகோலே புரத ஆய்விலிருந்து பிறந்தது. 1909-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சென், நொதிகளின் வேலை அமிலத்தன்மைக்கேற்ப எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்தபோது, எழுதுவதற்கு எளிய அளவாக இதை அமைத்தார்.

அமினோ அமிலங்களில் சில, நீரின் பிஎச் மதிப்புக்கேற்ப ஹைட்ரஜன் அயனியை ஏற்கும் அல்லது விடும். அஸ்பார்ட்டிக், குளுட்டாமிக் அமிலங்கள் பிஎச் 4-ஐ ஒட்டி மாறுகின்றன. ஹிஸ்டிடின் 6-ஐ ஒட்டி. லைசின் 10-க்கு மேல். எனவே எலுமிச்சைச் சாறு விழ விழ, புரதத்தின் எதிர் மின்னேற்றங்கள் ஒவ்வொன்றாக அணைகின்றன. நேரும் எதிரும் சமமாகி, மொத்த மின்னேற்றம் சுழியாகும் பிஎச் மதிப்பைச் சமமின்னேற்றப் புள்ளி என்கிறோம். அந்த இடத்தில் புரதத் துகள்கள் ஒன்றையொன்று விலக்குவதில்லை. நெருங்கி, ஒட்டி, படிந்துவிடுகின்றன.

பாலின் புரதத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு கேசீன். புதுப் பாலின் பிஎச் 6.6-ஐ ஒட்டி இருக்கும். கேசீனின் சமமின்னேற்றப் புள்ளி 4.6. காய்ச்சாத பாலில் 100 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் பால் ஏற்கெனவே பதப்படுத்தியது என்றாலும் கவலையில்லை. வீட்டில் கொதிக்க வைத்த பாலை மட்டும் எடுக்கக் கூடாது, காரணம் சற்றுப் பின்னர் விளங்கும். எலுமிச்சைச் சாற்றைச் சம அளவு நீர் கலந்து, சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். மொத்தமாக ஊற்றினால் விழுந்த இடத்தில் மட்டும் புளிப்பு மிகுந்து முன்கூட்டியே திப்பி கட்டிவிடும். பிஎச் 5-க்குக் கீழே வந்ததும் பால் கனத்து, 4.6-ஐ ஒட்டி வெண்திப்பி தனியாகவும் தெளிந்த மஞ்சள் கலந்த நீர் தனியாகவும் பிரியும். அடுப்பே பற்ற வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதை மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். இந்த வழிகாட்டியிலேயே நான் மிகவும் விரும்பும் பகுதி இனி வருவது. துணியில் நின்ற திப்பியைக் கேன் தண்ணீரில் இரண்டு முறை அலசி, விரலால் பொடியாக உதிர்த்து, வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கரைத்து அதில் போட்டுப் பொறுமையாகக் கலக்குங்கள். முதலில் எஞ்சிய அமிலத்தால் சற்று நுரைக்கும். பிறகு துகள்கள் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைந்து, குழாயில் மறுபடி பால்போன்ற ஒரு திரவம் நிற்கும். அணைந்த எதிர் மின்னேற்றங்கள் மீண்டுவிட்டன. துகள்கள் மீண்டும் ஒன்றையொன்று விலக்குகின்றன. வேகவைத்த முட்டையைச் சமையல் சோடாவில் போட்டு எவ்வளவு கலக்கினாலும் அது வெள்ளைக்கருவாகாது.

வடிந்த தெளிநீரையும் கொட்டிவிடாதீர்கள். அதை ஒரு சிறு பாத்திரத்தில் 85, 90 டிகிரிக்குச் சூடாக்குங்கள். தெளிவாக இருந்த நீர் கலங்கி, நுண்ணிய வெண்துகள்கள் மிதக்கும். இவை பீட்டா லாக்டோகுளோபுலின் முதலிய மோர்ப் புரதங்கள். அமிலம் இவற்றைப் படிய வைக்கவில்லை. வெப்பம் படிய வைத்தது. கேசீனோ நேர்மாறானது: அமிலத்தில் படிந்தது, வெப்பத்தை மட்டும் தாங்கும். கேசீனுக்கு இறுக மடிந்த உருண்டை வடிவம் தொடக்கத்திலிருந்தே இல்லை. கலைப்பதற்கு மடிப்பு இல்லாததை வெப்பம் எப்படிக் கலைக்கும்? ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சட்டியில் பால் திரியாததற்கு விடை இதுதான். மோர்ப் புரதங்கள் வடிவத்தோடு இருப்பவை. கொதிக்கும் பாலில் அவை அவிழ்ந்து, கேசீன் துகள்களின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. அதனால்தான் வீட்டில் கொதிக்க வைத்த பாலை இந்தச் சோதனைக்கு எடுக்க வேண்டாம் என்றேன்: அதன் மோர்ப் புரதங்கள் திப்பியோடு போய்விடும், தெளிநீரில் படிய அதிகம் எஞ்சியிருக்காது. பாலை நன்கு காய்ச்சி ஆறவைத்து உறை ஊற்றினால் தயிர் கெட்டியாக விழுவதற்கும் இந்த ஒட்டுதலே காரணம்.

நான்காம் படி: வடிவம் போனால் வேலை போகும் - ஈரல்

இதுவரை கண்டது வடிவம். இனி வேலை. ஈரலில் கேட்டலேஸ் என்ற நொதி நிறைய உள்ளது. அது ஹைட்ரஜன் பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. '20 வால்யூம்' என்று எழுதிய புட்டி 6 விழுக்காடு வலிமையுடையது. சம அளவு கேன் தண்ணீர் கலந்து பாதியாக்குங்கள். கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். சிறுவர்கள் பெரியவர் உடனிருக்கவே செய்ய வேண்டும்.

ஈரலை உளுந்து அளவுக்குச் சமமான துண்டுகளாக நறுக்குங்கள். முதல் துண்டு அப்படியே. இரண்டாவதைப் பனிக்கட்டி நீரில் பத்து நிமிடம். மூன்றாவதைக் கொதிநீரில் ஐந்து நிமிடம். நான்காவதை எலுமிச்சைச் சாற்றில் பதினைந்து நிமிடம் வையுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் குழாயில் போட்டு, ஒரே அளவு பெராக்சைடு ஊற்றி, நுரை எழும் உயரத்தை ஒரு நிமிடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது குழாயின் பெராக்சைடையும் முன்பே பனிக்கட்டியில் வைத்திருக்க வேண்டும்.

முதல் குழாயில் நுரை விறுவிறுவென ஏறும். கொதித்த துண்டு கல்போலக் கிடக்கும். எலுமிச்சையில் ஊறிய துண்டு வெளுத்து, மிகக் குறைவாகவே நுரைக்கும். உட்பகுதி ஊறாமல் தப்பியிருந்தால் அங்கிருந்து சில குமிழிகள் வரலாம். குளிரில் வைத்தது மந்தமாக நுரைக்கும், ஆனால் அறை வெப்பத்துக்கு வந்ததும் மீண்டும் சுறுசுறுப்பாகும். குளிர் நொதியை நிறுத்தி வைக்கிறது, அழிப்பதில்லை.

பாடநூல்களில் 'உகந்த வெப்பநிலை' என்று ஒரு கூம்பு வரைகோடு இருக்கும். அந்த உச்சியை நொதியின் மாறாத குணமாக எண்ணிக்கொள்வது பிழை. வெப்பம் ஏற ஏற வினையின் வேகம் கூடுகிறது, பொதுவாகப் பத்து டிகிரிக்கு ஏறக்குறைய இரு மடங்காக. கூடவே நொதி அவிழும் வேகமும் கூடுகிறது. உச்சி என்பது இந்த இரண்டின் போட்டியில் அந்த நேர அளவுக்குக் கிடைத்த விடை. ஒரு நிமிடம் அளந்தால் உச்சி ஓரிடத்தில் இருக்கும், ஒரு மணி நேரம் அளந்தால் அதைவிடக் குறைந்த வெப்பநிலைக்கு இறங்கியிருக்கும்.

பிஎச் மதிப்புக்கும் ஒரு கூம்பு உண்டு, ஆனால் காரணம் வேறு. நொதியின் செயல்மையத்தில் வேலை செய்யும் ஓர் அமினோ அமிலம் தவறான மின்னேற்றத்தில் இருந்தால் போதும், மொத்த வடிவமும் நலமாக இருக்கும்போதே வேலை நின்றுவிடும். பிஎச் மதிப்பைச் சரிசெய்தால் திரும்பிவிடும். புளிப்பு மிகவும் கடுமையானால்தான் வடிவமே குலையும். இரைப்பையின் பெப்சின் பிஎச் 2-ஐ ஒட்டியும், சிறுகுடலின் டிரிப்சின் 8-ஐ ஒட்டியும் சிறப்பாக வேலை செய்வது இந்தக் கணக்கில்தான். பால் பதப்படுத்தும் நிலையங்களில் இதே அறிவு அன்றாடம் பயன்படுகிறது. 72 டிகிரியில் 15 நொடி வைத்த பாலில் பாஸ்ஃபட்டேஸ் நொதி செயலிழந்துவிடும். அது நோய்க் கிருமிகள் சாவதற்குத் தேவையானதைவிடச் சற்றே கூடுதல் வெப்பத்தில் அவிழ்வதால், பாலில் அந்த நொதி வேலை செய்கிறதா என்று பார்த்தே பதப்படுத்தல் சரியாக நடந்ததா என்று தீர்மானிக்கிறார்கள்.

ஐந்தாம் படி: இரண்டும் சேரும்போது

நான்கு டம்ளர்களில் காய்ச்சாத பால் 100 மில்லி வீதம் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் என்ன நடக்கும் என்று, செய்வதற்கு முன் தாளில் எழுதிவையுங்கள். எழுதாமல் செய்தால், நடந்த பிறகு எல்லோருக்கும் முன்பே தெரிந்ததுபோலத் தோன்றிவிடும்.

முதல் டம்ளரை அப்படியே கொதிக்க வையுங்கள். இரண்டாவதில் நீர் கலந்த எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் 5.8-க்குக் கொண்டுவந்து, சூடாக்காமல் வைத்திருங்கள். மூன்றாவதையும் 5.8-க்குக் கொண்டுவந்து அடுப்பில் ஏற்றுங்கள். முதலாவது பொங்கும், திரியாது. இரண்டாவது திரவமாகவே நிற்கும். மூன்றாவது, வெப்பமானி நூறைத் தொடும் முன்பே திரியும். மின்னேற்றத்தின் விலக்குவிசை புளிப்பால் ஏற்கெனவே மெலிந்திருக்கிறது. வெப்பம் துகள்களை வேகமாக மோதவிடுகிறது, அவிழ்ந்த மோர்ப் புரதங்கள் அவற்றை ஒட்டவைக்கின்றன. கிராமத்துப் பால் கொள்முதல் நிலையங்களில் சந்தேகமான பாலைச் சிறிதளவு எடுத்துக் கொதிக்க வைத்துப் பார்ப்பது இந்த மூன்றாவது டம்ளரைத்தான்.

வெள்ளைக்கருவிலும் இதையே காணலாம். மீதமுள்ள முட்டையின் வெள்ளைக்கருவில் பாதியில் மட்டும் சில சொட்டு வினிகர் கலந்து, இரண்டையும் 62 டிகிரியில் பத்து நிமிடம் வையுங்கள். வினிகர் கலந்தது முந்திக்கொண்டு வெளுக்கும். வேகும்போது ஓடு வெடித்த முட்டையின் நீரில் வினிகர் விட்டால் கசிவு உடனே அடைபடுவது இதனால்தான்.

நான்காவது டம்ளரையும் 5.8-க்குக் கொண்டுவாருங்கள். ஆனால் அடுப்பில் ஏற்றும் முன், ஒரு சிட்டிகையிலும் குறைவான சமையல் சோடாவைச் சேர்த்துக் கலக்கி, பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள், 6.6-ஐ ஒட்டி வந்ததும் நிறுத்திவிட்டு ஏற்றுங்கள். பால் திரியாமல் கொதிக்கும். வெயில் காலத்தில் பழைய பாலில் பாட்டிமார் ஒரு துளி ஆப்ப சோடா போட்டுக் காய்ச்சியது இந்தக் கணக்கைக் கைப்பழக்கமாகவே அறிந்ததால்தான். ஆனால் சோடா மின்னேற்றத்தைத்தான் திருப்பித் தந்தது. புளிக்க வைத்த கிருமிகள் பாலில் விட்டுச் சென்றவை அப்படியே இருக்கின்றன. அதனால் விற்பனைப் பாலில் சோடா சேர்ப்பது கலப்படமாகும், சோதனை முடிந்ததும் அந்த டம்ளரையும் கீழே ஊற்றிவிடுங்கள்.